மலையில் இருந்துகொண்டு ஏஏ மீட்டிங்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான். கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். கேட்பவரின் அண்ணன் டூரிஸ்ட் வேன் ஓட்டுபவர். கோவையில் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறார், இப்போது குடிக்கவில்லை. வாரம் ஒரு தடவையாவது ஏஏ மீட்டிங் போகச் சொல்லி டாக்டர் அனுப்பினாராம். ஏஏ என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடிப் பேசுகிற குழு. இணையத்தில் தேடினால் ஏதோ ஒரு நம்பர் வருகிறது, போட்டால் யாரும் எடுப்பதில்லை. “சின்ன ஊர், யாராவது பார்த்துவிட்டால்?” என்று அண்ணனுக்கும் தயக்கம். எங்கே நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்று தங்கை கேட்கிறார்.

நான் குன்னூரிலும் கூடலூர் பக்கத்திலும் பல வருஷம் மருத்துவச் சமூகப் பணியில் இருந்தவன். ஏஏ உறுப்பினன் இல்லை. ஆனால் அங்கே ஆட்களை அனுப்பியிருக்கிறேன், வெளியாரும் வரலாம் என்கிற கூட்டங்களில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுமிருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில், இங்கே ஒரு முகவரியையும் நான் எழுதப்போவதில்லை. அது வேண்டுமென்றேதான். மலையில் ஒரு குழு என்றால் வழக்கமாக வருவது கொஞ்சம் பேர். ஹால் சாவியை வைத்திருக்கிறவர் மகன் வீட்டுக்கு என்று திருப்பூர் போய்விட்டால் அந்த வாரம் கதவு திறக்காது. பள்ளிக்கூட அறை கிடைக்காமல் போனால் இடம் மாறும், மழைக்காலம் வந்தால் நேரம் மாறும். இதெல்லாம் இணையத்தில் உள்ள பட்டியலுக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அந்தப் பட்டியலை நம்பி பஸ் ஏறிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற மனிதர் அப்போதுதான் குடியை விட்டவர் என்றால், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் என்ன கடை இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே முகவரியை அப்புறம் பார்க்கலாம். அந்தக் கூட்டத்துக்குப் போய்வருகிற ஓர் ஆளின் போன் நம்பரை முதலில் தேடுங்கள். நம்பர் கிடைத்தால் முகவரி தானாக வரும், “வாங்க, நான் ஸ்டாண்டிலேயே நிற்கிறேன்” என்கிற வார்த்தையும் சேர்ந்து வரும்.

சொல்லப்போனால் ஏஏ பிறந்ததே ஒரு போனில்தான். 1935 மே மாதம். நியூயார்க்கில் பங்குத் தரகராக இருந்த பில் வில்சன், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன நிலையில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்கு வியாபார வேலையாகப் போகிறார். வேலை கெட்டுப்போகிறது. ஹோட்டல் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார், பக்கத்திலேயே பார். உள்ளே போவதற்குப் பதிலாக, அங்கே இருந்த சர்ச்சுகளின் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாருக்குப் போன் போடுகிறார். தன்னைப் போல் குடியில் மாட்டிக்கொண்ட இன்னொருவரிடம் பேச வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. அந்தப் போன் கைமாறிக் கைமாறி, டாக்டர் பாப் ஸ்மித் என்கிற அறுவை சிகிச்சை மருத்துவர் வீட்டில் போய் முடிந்தது. அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த நாளான ஜூன் 10-ஐத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் தொடக்க நாளாக இன்றும் எண்ணுகிறார்கள். அன்றைக்கு ஹாலும் இல்லை, கூட்டமும் இல்லை, ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்த இரண்டு பேர் மட்டும்.

சரி, உங்களுக்கு அந்த நம்பர் எங்கே கிடைக்கும்? நான் முதலில் கேட்கச் சொல்வது அண்ணன் தங்கியிருந்த அதே மையத்தில். மலையிலிருந்து கோவைக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். “நீலகிரியிலிருந்து வந்துபோய், இப்போது மீட்டிங் போய்க்கொண்டிருப்பவர் யாராவது இருக்கிறார்களா?” என்று அங்குள்ள கவுன்சலரிடம் கேளுங்கள். அடுத்தவருடைய நம்பரை அவர் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது. ஆனால் அண்ணனின் நம்பரை அந்த ஆளிடம் சேர்த்துவிடலாம். பெரும்பாலும் அன்றே திரும்பக் கூப்பிடுவார்கள். குடியை விட்ட ஒருவருக்குப் புதிதாக விட்ட இன்னொருவரோடு பேசுவது தர்மகாரியம் அல்ல. தான் குடிக்காமல் இருக்க அவருக்கும் அது தேவைப்படுகிறது. அதனால் தொந்தரவு கொடுக்கிறோமோ என்று கூச்சப்பட வேண்டாம்.

அது சரிப்படாவிட்டால் ஏஏவின் வழியிலேயே போகலாம். இந்தியாவுக்கான அவர்களுடைய பொதுச்சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் பகுதிவாரியாகத் தொடர்பு எண்கள் இருக்கும். நீலகிரி என்று போட்டுத் தேடுவதோடு நிற்காமல் கோவை எண்களையும் கூப்பிடுங்கள். கோவையில் குழுக்கள் பல, மலையில் யார் கூட்டம் நடத்துகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு விஷயம்: அந்த எண்கள் ஆபீஸ் எண்கள் அல்ல. லேத்தில் வேலை செய்பவரோ, வங்கியில் இருப்பவரோ தன் சொந்தப் போனைத்தான் கொடுத்திருப்பார். பகல் பதினொரு மணிக்கு எடுக்கவில்லை என்றால் குழுவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சாயங்காலம் ஏழுக்கு மேல் போடுங்கள், அல்லது வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்புங்கள்: “கோத்தகிரி பக்கம். குடியை விட்டு இத்தனை நாள் ஆகிறது. மீட்டிங் வர விரும்புகிறேன், பேச முடியுமா?” இவ்வளவு போதும், பெயர்கூட வேண்டாம்.

அந்தச் செய்தி அண்ணன் கையிலிருந்து போக வேண்டும், உங்கள் கையிலிருந்து அல்ல. நம்பரைத் தேடித் தருவது உங்கள் வேலையாக இருக்கட்டும். குடிக்கிறவரோ விட்டவரோ தானே பேசினால்தான் அந்தப் பக்கம் உள்ளவர் மனம் விட்டுப் பேசுவார். தங்கை பேசினால் மரியாதையாக விவரம் சொல்லிவிட்டு வைத்துவிடுவார், அவ்வளவுதான்.

அரசு வழியும் உண்டு. 14446 என்பது போதை மீட்புக்கான தேசிய இலவச எண். ஒன்றிய அரசின் உதவியில் இலவசமாக நடக்கும் மறுவாழ்வு மையங்கள் எவை என்று அங்கே கேட்கலாம். 14416 டெலி மானஸ், மனநல உதவிக்கு, தமிழிலேயே பேசலாம். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் புரளும்போது அண்ணனுக்கு இந்த எண்தான் கைகொடுக்கும். அப்புறம், தமிழ்நாடு அரசு 2025-இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 இடங்களில் போதை மீட்பு மையங்களைத் திறந்தது. எது பக்கம் என்று அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-இல் கேட்டுக்கொள்ளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் உங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்பதையும் விசாரித்து வையுங்கள். மாத்திரைக்கு ஒவ்வொரு தடவையும் கோவை இறங்க வேண்டியதில்லை.

இனி பஸ். சமவெளியில் இருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை, நமக்கு இதுதான் பாதிப் பிரச்சினை. வேலைக்குப் போகிறவர்களுக்காக மீட்டிங்குகள் பெரும்பாலும் மாலையில் நடக்கும், ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஓடும். ஆறரைக்குத் தொடங்கினால் முடிய எட்டு. அதற்கப்புறம் உங்கள் ஊருக்கு பஸ் உண்டா? கோத்தகிரியிலிருந்து குன்னூர் ஏறக்குறைய 20 கிலோமீட்டர், ஊட்டி 30, கீழே மேட்டுப்பாளையம் 33. தூரம் பெரிதில்லை, திரும்புவதுதான் பெரிது. கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர் காதில் எதுவும் விழாது. ஆகவே நேரத்தைக் கேட்கும்போதே ஞாயிற்றுக்கிழமைப் பகல் கூட்டம் உண்டா என்று கேளுங்கள். டாக்டரைப் பார்க்கக் கோவை போகிற நாளில் அங்கேயே ஒரு மீட்டிங்கும் பார்த்துவிட்டு வரலாம். அக்டோபர், நவம்பரில் குன்னூர் சாலையில் மண் சரிந்தால் எல்லாத் திட்டமும் போச்சு, அதற்கும் ஒரு மாற்று வேண்டும்.

இதைப் படிக்கிற கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சேரம்பாடி, அய்யன்கொல்லி பக்கம் இருப்பவர்கள் ஊட்டியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். சுல்தான் பத்தேரி உங்களுக்கு எவ்வளவோ கிட்டம். கூட்டம் மலையாளத்தில் நடக்கும், அது உங்களுக்கு ஒரு தடையா என்ன? வயநாட்டுப் பக்கமும் விசாரியுங்கள். ஆதிவாசி குடும்பங்கள் என்றால் கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரியில் தொடங்குவது நல்லது. அவர்கள் பேச்சும் பழக்கமும் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

மாற்று என்று சொன்னேன், அது ஆன்லைன் மீட்டிங். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது ஹால்கள் மூடியதும் ஏஏ குழுக்கள் ஜூமுக்குப் போயின, பல அப்படியே தொடர்கின்றன. தமிழில் பேசுகிற கூட்டத்தின் லிங்க்கும் நேரமும் கோவை, சென்னைத் தொடர்பு எண்களில் கேட்டால் கிடைக்கும். கேமராவை மூடி வைத்துக்கொள்ளலாம், பேசாமல் கேட்டுக்கொண்டும் இருக்கலாம். ஆனால் வீட்டில் உட்கார்ந்து கேட்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. எஸ்டேட் லைன் வீட்டில் இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில் என்றால் யாராவது உள்ளே வந்துகொண்டே இருப்பார்கள். சிக்னலும் எங்கோ ஒரு மூலையில்தான் கிடைக்கும். உங்கள் அண்ணனிடம் வேன் இருக்கிறதே! சிக்னல் கிடைக்கிற வளைவு எது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, இயர்போனைப் போட்டுக்கொண்டால் அதைவிடத் தனிமையான அறை கிடையாது. ஆனாலும் ஆன்லைன் மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன். மாதத்துக்கு ஒரு தடவையாவது நேரில் போக வேண்டும். கை நடுங்காமல் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஒரு பழைய குடிகாரரை எதிரில் பார்ப்பது போன் திரையில் கிடைக்காது.

“யாராவது பார்த்துவிட்டால்” என்கிற பயத்துக்கு வருகிறேன். அது வெறும் வீம்பு அல்ல. சின்ன ஊரில் பெண் பார்க்கிற பேச்சு வரைக்கும் அது போகும், எனக்குத் தெரியும். இதற்கு மலைக்காரர்கள் செய்வது எளிது: கோத்தகிரிக்காரர் குன்னூர் போவார், குன்னூர்க்காரர் ஊட்டி போவார். உள்ளே வருகைப் பதிவேடு கிடையாது, ஆதார் கேட்பதில்லை, அப்பா பெயர் கேட்பதில்லை. ஒரு பெயர் சொன்னால் போதும், அது நிஜப் பெயராக இருக்கிறதா என்று பார்ப்பதும் இல்லை. அங்கே தெரிந்த முகம் ஒன்று தட்டுப்பட்டால், அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார். அண்ணன் கோபப்படாத ஒரு நேரமாகப் பார்த்து இன்னொன்றையும் சொல்லலாம்: குடித்திருந்தபோது ஊர் பார்க்காததையா இப்போது பார்த்துவிடப்போகிறது?

கூட்டம் பல இடங்களில் சர்ச் வளாகத்தில் நடக்கும். மலிவான வாடகைக்கு ஹால் அங்கேதான் கிடைக்கிறது என்பது தவிர அதில் வேறு காரணம் இல்லை. மதம் மாற்றுவார்களோ என்று குடும்பங்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன், தேவையில்லாத பயம். பன்னிரண்டு படிகள் என்று அவர்கள் சொல்வதில் கடவுள் வருகிறார், உண்மைதான். ஆனால் ‘நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்றுதான் வருகிறார். முருகனோ அல்லாவோ ஏசுவோ, எதுவும் இல்லையென்றால் அந்தக் குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், விரும்பினால் பத்து ரூபாய் போடலாம், புதிதாக வந்தவர் போட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய மரபு. அங்கே சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்கிற விருப்பம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை, புத்திமதி சொல்வதில்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் பழகியவர்களுக்கு இதுதான் முதல் அதிசயம்.

கொஞ்ச நாள் போனபின் ‘ஸ்பான்சர்’ என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். பணம் கொடுப்பவர் என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். சபரிமலைக்கு மாலை போட்டவருக்குக் குருசாமி எப்படியோ, அப்படி. மலைப்பக்கத்தில் நாமெல்லாம் கண்ட காட்சிதானே: கார்த்திகையில் மாலை போட்டதும் ஒரு சொட்டுத் தொடாமல் இருக்கிற ஆள், மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடைக்குப் போய்விடுவார். அவரால் முடியாது என்பதில்லை. அந்த நாட்களில் கூட ஆள் இருந்தது, காலையில் எழுந்ததும் செய்ய ஒரு வேலை இருந்தது, கேட்க ஒருவர் இருந்தார். கழற்றியதும் எல்லாம் போய்விட்டது. ஏஏ செய்வது அந்தத் துணையை ஆண்டு முழுக்க நீட்டுவதுதான், அதுவும் ‘இன்று ஒரு நாள் மட்டும்’ என்கிற கணக்கில்.

இது வேலை செய்யுமா என்று கேட்பீர்கள். காக்ரேன் என்கிற சர்வதேச மருத்துவ ஆய்வுத் தொகுப்பு 2020-இல் 27 ஆய்வுகளை, 10,000-க்கு மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. முறைப்படி ஏஏவுக்கு அனுப்பி, அங்கே தொடரவைக்கிற சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்ததில்லை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் அவற்றைவிட மேல் என்பது அதன் முடிவு. எல்லோருக்கும் ஒத்துவரும் என்று அர்த்தமில்லை. சிலருக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம், மூன்று நான்கு பார்க்கட்டும், முடிந்தால் வேறு வேறு குழுக்களில். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் டாக்டர், மருந்து, கவுன்சலிங் என்று போகலாம், அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் ஏஏ போகிறோம் என்பதற்காக டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்தக் கூடாது. கூட்டத்தில் யாராவது “மாத்திரையெல்லாம் எதுக்கு” என்றால் அது அவருடைய சொந்தக் கருத்து, ஏஏவின் கருத்து அல்ல.

மீட்டிங் இல்லாத மற்ற நாட்களுக்கு மலையில் சில தனிக் கண்ணிகள் உண்டு. குளிருக்கு ஒரு கட்டிங் என்பது முதலாவது. சாராயம் தோலில் ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதால் சூடாக இருப்பது போல் தெரியும், உண்மையில் உடம்புச் சூடு வெளியே போய் உள்ளே குளிர்ந்துவிடும். வெலிங்டன் பக்கம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற மாமாக்கள் வீட்டு அலமாரியில் கேன்டீன் ரம் இரண்டாவது. ஆசையாக ஊற்றிக் கொடுப்பவர்கள் அவர்கள்தான், அவர்களிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். டூரிஸ்ட் வண்டி ஓட்டுபவருக்கு சீசனில் டிப்ஸாகவே பாட்டில் வரும். வேண்டாம் என்பதற்கு “மாத்திரை சாப்பிடுகிறேன்” என்று ஒரு வரி போதும், விளக்கம் வேண்டாம். அப்புறம் காலி பாட்டில். 2022-இல் நம் மாவட்டத்தில்தான் முதலில் ஆரம்பித்தது, பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைத் திருப்பிக் கொடுத்தால் தருகிற திட்டம். காட்டுக்கும் யானைக்கும் நல்லதுதான். ஆனால் வீட்டில் பழைய பாட்டில்கள் கிடந்தால் அண்ணனைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லாதீர்கள், அறுபது ரூபாய்க்காக அவரைக் கடை வாசலுக்கு அனுப்புவானேன். நீங்களும் போக வேண்டாம், குப்பையில் போடட்டும், போனால் போகிறது.

உங்களுக்கும் ஒரு இடம் உண்டு. அல்-அனான் என்று, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று தனிக் கூட்டம், 1951 முதல் நடக்கிறது. மலையில் நேரில் கிடைப்பது கடினம், ஆன்லைனில் கேளுங்கள். அண்ணி இருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அண்ணனின் சட்டைப் பையைத் துழாவுவது, வாயை ஊதச் சொல்வது, இதையெல்லாம் எப்போது நிறுத்துவது என்பதை அங்குள்ளவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஒன்றை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன்: குடியை வெறுக்கவைக்கிற மாத்திரை என்று எதையாவது அவருக்குத் தெரியாமல் காப்பியிலோ குழம்பிலோ கலந்து கொடுக்காதீர்கள். அந்த வகை மாத்திரையான டைசல்ஃபிரம் உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து உண்டு. அவர் அறிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது.

கடைசியாக, சறுக்கினால் என்ன செய்வது. நடக்கக் கூடும், நிறையப் பேருக்கு நடக்கிறது. அன்றைக்குத் திட்டாதீர்கள், அந்தப் போன் நம்பரை எடுத்து அவர் கையில் கொடுங்கள். குடித்துவிட்டு மீட்டிங் போனாலும் துரத்த மாட்டார்கள், பேசாமல் உட்காரச் சொல்வார்கள். ஆனால் நாள்கணக்கில் தொடர்ந்து குடித்துவிட்டார் என்றால், “இனிமேல் தொட மாட்டேன்” என்று வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்த விடாதீர்கள். நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கை கால் நடுக்கம், வியர்வை, இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசுவது என்று முற்றலாம். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தைத் தொலைத்த குடும்பங்கள் உண்டு. அப்படி ஏதாவது தெரிந்தால் 108. வளைந்து வளைந்து வருகிற வண்டி மலையில் வந்துசேர நேரம் பிடிக்கும், அதனால் நடுக்கம் தொடங்கும்போதே கூப்பிடுங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை ஆஸ்பத்திரியில் மறைக்காமல் சொல்லுங்கள்.